உங்கள் நிரலை யார் படிப்பார்கள்? முதல் இன்டர்ன்ஷிப் தேடும் கணினி மாணவர்களுக்கு

மூன்றாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் நானும் என் வகுப்பில் ஏழு பேரும் ஒரு துணிக்கடையின் மாடியில் இன்டர்ன்ஷிப் செய்தோம். ஆளுக்கு 3,500 ரூபாய் கட்டினோம். மொத்தம் பத்து நாள். நூலக மேலாண்மை என்று ஒரு புராஜெக்டை அவர்களே பென்டிரைவில் கொடுத்தார்கள். அதை ஓட்டிப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அறிக்கையில் ஒட்டினோம். பத்தாம் நாள் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ் கைக்கு வந்தது. ஏழாம் செமஸ்டரில் ஒரு நேர்காணலில் அந்தச் சான்றிதழை மேசைமேல் வைத்தேன். எதிரே இருந்தவர் அதைத் தொடவில்லை. "அங்கே நீங்கள் எழுதிய நிரலை யார் படித்துத் திருத்தினார்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று மாணவர்கள் எங்கள் குழுவுக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். அவர்களிடம் பேசிய பிறகும் அந்தக் கேள்விதான் சரியான கேள்வி என்று தோன்றுகிறது. எந்த இன்டர்ன்ஷிப்பை எடுப்பது என்று குழம்பும்போது கம்பெனியின் பெயர், ஸ்டைபண்ட், கட்டடம் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள்: அங்கே என் நிரலை அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து படிப்பாரா?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.இ., பி.டெக்., பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், எம்.சி.ஏ. படிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் படித்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

எப்போது செய்வது

பொறியியல் மாணவர்களுக்கு மூன்று வாய்ப்புகள் வரும். நான்காம் செமஸ்டர் முடிந்த விடுமுறை, ஆறாம் செமஸ்டர் முடிந்த விடுமுறை, கடைசி செமஸ்டர். முதலாவதில் நல்ல இடம் கிடைப்பது கடினம், கிடைக்காவிட்டால் கவலைப்படவும் வேண்டாம். இரண்டாவதுதான் முக்கியம். மே, ஜூனில் இரண்டு மாதம் ஓர் இடத்தில் ஒழுங்காக வேலை செய்திருந்தால், அடுத்து வரும் பிளேஸ்மென்ட் நேர்காணல்களில் பேச உங்களிடம் சொந்த விஷயம் இருக்கும். கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் ஆறு மாதம். பல கம்பெனிகள் அதை வேலைக்கு எடுப்பதற்கு முந்தைய சோதனைக் காலமாகவே வைத்திருக்கின்றன. நன்றாகச் செய்தால் அங்கேயே வேலை கிடைக்கலாம்.

மே மாதப் பயிற்சிக்கு ஏப்ரலில் தேடினால் தாமதம். செமஸ்டர் தேர்வும் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு நிரல்மொழி போதும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், எது உங்களுக்குக் கைவந்ததோ அது. ரெஸ்யூமேவில் எட்டு மொழிகளை வரிசையாகப் போட்டுவிட்டு ஒன்றில்கூட ஒரு கோப்பைத் திறந்து வரிவரியாகப் படிக்கத் தெரியாமல் வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒரு மொழி, அதனுடன் எஸ்க்யூஎல்லில் இரண்டு மூன்று டேபிள்களை இணைத்து விடை எடுக்கும் அளவுக்குப் பழக்கம், லினக்ஸ் டெர்மினலில் தடுமாறாமல் நடமாடுவது, கிட். இவ்வளவும் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

கிட்டை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாடத்தில் அது பெரும்பாலும் வருவதில்லை, வேலையிலோ முதல் நாளிலிருந்தே வேண்டும். நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கருவி அது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதியது. கமிட், பிராஞ்ச், மெர்ஜ், மோதல் வந்தால் தீர்ப்பது, இந்த நான்கும் ஒரு வார விடுமுறையில் பழகிவிடும். நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழகுங்கள். இரண்டு பேரும் ஒரே வரியை வேண்டுமென்றே மாற்றி, மோதலை உண்டாக்கி, அதைத் தீர்த்துப் பாருங்கள்.

அப்புறம், ஒரு புராஜெக்ட். உங்களைத் தவிர இன்னொருவராவது உண்மையில் பயன்படுத்துகிற புராஜெக்ட்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வந்தார். அப்பா மளிகைக்கடை வைத்திருப்பவர். கடையின் பற்று வரவு நோட்டை அப்படியே கைபேசியில் வருகிற ஒரு சிறிய செயலியாக எழுதியிருந்தார். பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா தினமும் அதைப் பயன்படுத்தினார், தினமும் குறை சொன்னார். அதில் ஒரு குறை: "கமலா பேர் கனகாவுக்கு முன்னாலதானே வரணும்? ஏன் பின்னால வருது?" தமிழ் நெடுங்கணக்கில் ம முன்னால் வரும், ன கடைசி எழுத்து. யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்த இடத்திலேயே இருக்கிறது. வெறும் குறியெண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் கனகா முன்னால் வந்துவிடுவார். மொழிக்கேற்ற வரிசை விதியைத் தருகிற நிரலகத்தை (லைப்ரரி) தேடிப் பிடித்து இந்தப் பெண் அதைச் சரிசெய்திருந்தார். நேர்காணலில் பத்து நிமிடம் இதைப் பற்றியே பேசினோம். எழுத்துரு, குறியீடு, வரிசைப்படுத்தல் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன், எல்லாவற்றுக்கும் சொந்த அனுபவத்திலிருந்து பதில் வந்தது. அவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஊரிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். மகளிர் குழுவின் சீட்டுக் கணக்கு, விடுதி மெஸ் டோக்கன், டியூஷன் வருகைப் பதிவு. அதை எடுங்கள்.

ரெஸ்யூமே

ஒரே பக்கம். அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, புகைப்படம், கீழே "மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற உறுதிமொழி, எதுவும் வேண்டாம். அந்த இடத்தை புராஜெக்டுக்குக் கொடுங்கள்.

"கடை நிர்வாகச் செயலி, பைத்தான், மைஎஸ்க்யூஎல்" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. "மளிகைக்கடைப் பற்று வரவுச் செயலி. கடைக்காரர் ஆறு மாதமாகத் தினமும் பயன்படுத்துகிறார். தமிழ்ப் பெயர் வரிசை தவறியதைக் கண்டுபிடித்துத் திருத்தினேன்" என்று எழுதினால் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியும். அதோடு, நிரலை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் உங்கள் முகவரி. அந்தப் பக்கத்தைத் திறந்தால் எப்படி ஓட்டுவது என்று சொல்கிற ரீட்மீ கோப்பு இருக்க வேண்டும். கடவுச்சொல் எதுவும் நிரலுக்குள் கிடக்கக் கூடாது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். கேட்டால் இத்தனை இருக்கிறது, இந்த செமஸ்டரில் எழுதுகிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். சில கம்பெனிகள் எடுக்காது. சில எடுக்கும். மறைத்துப் பிடிபட்டால் எதுவும் எடுக்காது.

எங்கே தேடுவது

கல்லூரி பிளேஸ்மென்ட் செல்லில் முதலில் கேளுங்கள். அதைவிட, போன வருடம் போய்வந்த சீனியர்களைக் கேளுங்கள். "அங்கே என்ன வேலை கொடுத்தார்கள்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" இந்த இரண்டும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இணையத்தில் இன்டர்ன்ஷாலா, லிங்க்ட்இன், ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் தளம், கம்பெனிகளின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளையும் பாருங்கள். மத்திய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024இல் அறிமுகமானபோது அது முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இல்லை என்று விதி இருந்தது, இப்போதைய விதியை அதன் தளத்தில் பாருங்கள். படிப்பு முடித்து வேலை இல்லாமல் இருக்கும் அண்ணன், அக்காவிடம் சொல்லுங்கள்.

ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் வழி வேறு. ஐஐடி மெட்ராஸ் வெளிக் கல்லூரி மாணவர்களுக்குக் கோடைக்கால ஃபெல்லோஷிப் தருகிறது, இரண்டு மாதம் அங்கே ஒரு பேராசிரியரிடம் வேலை செய்யலாம். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்பும் உண்டு. இவற்றுக்கெல்லாம் பல மாதம் முன்னாலேயே விண்ணப்பம் முடிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் நிரலைத் திறந்து படித்து மாற்றக்கூடிய மென்பொருள். அப்படிப்பட்ட மென்பொருள் அமைப்புகளில் மாணவர்கள் வேலை செய்யக் கூகுள் நடத்தும் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். திட்டத்தின் அளவைப் பொறுத்துச் சுமார் 90, 175 அல்லது 350 மணி நேர வேலை, பணமும் உண்டு. வழக்கமாக பிப்ரவரியில் பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் வரும், அடுத்து விண்ணப்பம். பட்டியல் வந்த பிறகு எட்டிப்பார்க்கிறவர்களுக்குக் கிடைப்பது அரிது. டிசம்பரிலிருந்தே நீங்கள் விரும்பும் அமைப்பின் மென்பொருளில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தி, அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் பெயர் பழகியிருக்க வேண்டும். அவுட்ரீச்சி என்ற இன்டர்ன்ஷிப் திட்டம் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. தொழில்நுட்பத் துறையில் குறைவாக இடம்பெறுகிறவர்களுக்கானது அது, பெண்கள் கட்டாயம் பாருங்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்எக்ஸ் மென்டார்ஷிப்பும் இதே வகை. இவற்றில் உங்கள் நிரலைப் படிப்பதற்கென்றே ஒரு மென்டார் (வழிகாட்டி) இருப்பார்.

சின்னக் கம்பெனிகளையும் ஒதுக்காதீர்கள். சென்னை ஓ.எம்.ஆர். மட்டுமே உலகம் இல்லை. கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, திருநெல்வேலி எல்லா ஊரிலும் பத்து, இருபது பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன. ஜோஹோ தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிறது. சின்ன இடத்தில் பல சமயம் நிறுவனரே உங்கள் நிரலைப் படிப்பார். அவர்கள் விளம்பரம் செய்வதில்லை என்பதால் நீங்களாக மடல் எழுத வேண்டும். அதில் நான்கு விஷயம் போதும். நான் யார், உங்கள் தயாரிப்பை நான் பயன்படுத்திப் பார்த்ததில் கவனித்த ஒன்று, நான் செய்திருக்கும் ஒன்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வர முடியும். எட்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்புவதைவிட, அந்த இரண்டாவது விஷயத்தை மாற்றி மாற்றிப் பத்துப் பேருக்கு அனுப்புவது பலன் தரும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்குமேல் வேண்டாம்.

பணம் கேட்டால்

இதை எழுதும்போது இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த 3,500 ரூபாயை அப்பா கைமாற்று வாங்கிக் கொடுத்தார்.

இன்டர்ன்ஷிப் தருகிறவர் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்குத் திரும்பத் தரும் டெபாசிட், சான்றிதழ் அச்சிடும் செலவு, பெயர் என்னவாக இருந்தாலும் சரி. பயிற்சி வகுப்பு வேண்டுமென்றால் அதை வகுப்பு என்று தெரிந்தே காசு கொடுத்துப் படியுங்கள், அது வேறு. நேர்காணலே இல்லாமல் ஆஃபர் கடிதம் வந்தாலும், டெலிகிராம் குழுவில் மட்டுமே பேசினாலும், மதிப்பெண் சான்றிதழின் அசலைக் கேட்டாலும் விலகிவிடுங்கள். இன்னொரு வகையும் பரவியிருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள். கால்குலேட்டர், டூ-டூ லிஸ்ட் என்று மூன்று வேலை தருவார்கள், அதைச் செய்து லிங்க்ட்இன்னில் அவர்கள் பெயரோடு பதிவிடச் சொல்வார்கள், ஒரு மாதத்தில் சான்றிதழ் வரும். உங்கள் நிரலை அங்கே ஒருவரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. கல்லூரியிலும் சொல்லுங்கள், அடுத்த செட் தப்பிக்கும்.

நேர்காணல்

அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப், தேடல், வரிசைப்படுத்தல், ரிகர்ஷன். இன்டர்ன்ஷிப்புக்குப் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் கேள்வி வரும். தினமும் ஒரு கணக்கு என்று மூன்று மாதம் போட்டால் போதும். நிரல் எழுதித்தரும் ஏஐ கருவிகளை நீங்கள் பயன்படுத்துவீர்கள், நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் உங்கள் புராஜெக்டில் எந்த வரியைக் காட்டி "இது எதற்கு?" என்று கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாத வரியை விட்டுவைக்காதீர்கள்.

ஆங்கிலம் பற்றிய பயம் பலருக்கு. நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவன், அந்தப் பயம் எனக்குத் தெரியும். புராஜெக்டை முதலில் தமிழில் ஒரு நண்பருக்கு விளக்குங்கள். தமிழில் தெளிவாக வரவில்லையென்றால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, விஷயத்தில் இருக்கிறது. தமிழில் தெளிவான பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லி, கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். நான்காவது முறை உங்களுக்கே வித்தியாசம் தெரியும். கேள்வி புரியவில்லையென்றால் மறுபடி கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, "ஆனால் இப்படி யோசிப்பேன்" என்று தொடருங்கள்.

காகித வேலை

இடம் கிடைத்ததும் சந்தோஷத்தில் இதை மறந்து பிறகு அலைகிறவர்கள் அதிகம். ஆஃபர் கடிதத்தில் தொடக்க, முடிவுத் தேதி, இடம், ஸ்டைபண்ட் எவ்வளவு, யாரிடம் வேலை என்பது இருக்கிறதா பாருங்கள். கல்லூரியிலிருந்து போனஃபைடும், கம்பெனி கேட்டால் தடையில்லாச் சான்றும் வாங்குங்கள். வகுப்பு நாட்களில் போவதாக இருந்தால் எச்.ஓ.டி.யிடம் ஓ.டி.க்கு (ஆன் டியூட்டி) எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போய், வருகைப் பதிவு குறைந்து தேர்வு எழுத முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரெடிட் கிடைக்குமா, எத்தனை வாரம் செய்தால் கிடைக்கும் என்பதை உங்கள் ரெகுலேஷனில் பாருங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கும் பான் அட்டையும் தயாராக இருக்கட்டும்.

சென்னைக்கு வருகிறவர்கள் அலுவலகம் எங்கே என்று பார்த்துவிட்டு அறை தேடுங்கள். சிறுசேரியில் வேலை, கிண்டியில் அறை என்றால் தினமும் மூன்று மணி நேரம் பேருந்திலேயே போய்விடும். பி.ஜி. விடுதிகளில் அட்வான்ஸ் எவ்வளவு திரும்ப வரும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஸ்டைபண்ட் முதல் மாத முடிவில்தான் வரும் என்பதால் ஒரு மாதச் செலவு கையில் வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் சொந்த ஊருக்குப் பக்கத்திலோ வீட்டிலிருந்தே செய்வதாகவோ தேடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

முதல் வாரமும் அதன் பிறகும்

முதல் இரண்டு மூன்று நாள் லேப்டாப்பில் எல்லாவற்றையும் நிறுவுவதிலேயே போகும். ஏதாவது ஒன்று ஓடாது. எல்லோருக்கும் அப்படித்தான். நிறுவும்போது ரீட்மீயில் எது தவறாக, பழையதாக இருந்தது என்று குறித்துக்கொண்டு அதைத் திருத்தி அனுப்புங்கள். அதுவே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கலாம். புதிதாக வருகிறவரின் கண்ணுக்குத்தான் அந்த ஓட்டைகள் தெரியும்.

சிக்கிக்கொண்டால் அரை மணி நேரம் நீங்களே முயலுங்கள். அப்புறம் கேளுங்கள். "ஓடவில்லை அண்ணா" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. இதைச் செய்ய நினைத்தேன், இந்தக் கட்டளை கொடுத்தேன், இந்தப் பிழைச்செய்தி வந்தது, இந்த இரண்டையும் முயன்றேன் என்று எழுதிக் கேளுங்கள். பாதி நேரம் எழுதும்போதே விடை கிடைத்துவிடும். பயந்துகொண்டு மூன்று நாள் கேட்காமல் இருப்பதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு. தொந்தரவு செய்கிறோமோ என்று நினைக்கிறார்கள். கேட்பதற்காகத்தான் உங்களை எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியதும் திருத்தக் குறிப்புகள் வந்து குவியும். போன வருடம் ஒரு தம்பியின் நாற்பது வரி நிரலுக்கு நான் 23 குறிப்பு எழுதினேன். மதியம் சாப்பிடவே வரவில்லை. அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்று, கைபேசி எண்ணை முழு எண்ணாகச் சேமித்திருந்தார். "இதில் முன்னால் பூஜ்யம் வந்தால்? பிளஸ் 91 வந்தால்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "இதைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை, அப்போ இது எண்ணே இல்லை, எழுத்துதான்" என்றார். அந்த ஒரு வாக்கியம் பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் அவருக்கு அப்படிப் பதிந்திருக்காது. மறுநாள் மற்ற 22 குறிப்புகளையும் அவரே முடித்துவிட்டார்.

கம்பெனியின் நிரலை உங்கள் சொந்த கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள், அனுமதி கேட்காமல் வெளி ஏஐ கருவியில் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மென்டாருக்கு ஐந்து வரி எழுதுங்கள்: இந்த வாரம் முடித்தது, சிக்கியது, அடுத்த வாரம் செய்யப்போவது. கல்லூரி கேட்கும் டைரியும் அறிக்கையும் அதிலிருந்தே வந்துவிடும், கடைசி வாரம் உட்கார்ந்து கதை எழுத வேண்டியதில்லை. கடைசி வாரத்தில் அரைகுறையாக நிற்கும் வேலையை யார் எடுத்தாலும் தொடரும்படி ஒரு பக்கக் குறிப்பாக எழுதிவைத்துவிட்டு, மென்டாரிடம் நேரம் கேட்டு அரை மணி உட்காருங்கள். எதை நன்றாகச் செய்தேன், எதைத் திருத்த வேண்டும் என்று கேளுங்கள்.

எங்குமே கிடைக்கவில்லை என்றால்? காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்காதீர்கள். அந்த நேர்காணலில் பதில் இல்லாமல் எழுந்து வந்த டிசம்பர் விடுமுறையில், நான் தினமும் பயன்படுத்திய ஒரு கட்டற்ற மென்பொருளில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிற ஒரு பிழையை எடுத்துக்கொண்டேன். முதல் திருத்தத்தை அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவர், இது ஒற்றெழுத்துக்கு வேலை செய்கிறது, கொம்பு போட்ட எழுத்துக்குச் செய்யவில்லை என்று எழுதியிருந்தார். திருத்தி அனுப்பினேன். சோதனை நிரல் எங்கே என்று கேட்டார். அதையும் எழுதினேன். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டார். மொத்தம் பதினோரு வரி.

பிப்ரவரியில் இன்னொரு நேர்காணலுக்குப் போனபோது சான்றிதழை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து காட்டினேன். எதிரே இருந்தவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்த முகம் தெரியாதவரின் இரண்டு குறிப்புகளையும் என் பதில்களையும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.